அயுத்தியாவின் நிலவறையில் ஓர் அரபுக் காசு

தாய்லாந்து சென்று திரும்பிய செய்தியைக் கேட்டதும் என் மாமா ஒருவர், "கோயில் பார்க்கவா மாப்பிள்ளை இத்தனை செலவு செய்தீர்?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆயினும் அக்கேள்வியில் ஓர் ஐயமும் ஒட்டிக்கொண்டிருந்தது. பௌத்த விகாரங்களும் சிதைந்த தூபிகளும் நிறைந்த ஒரு பாழ்நகரில் நமக்கு என்ன வேலை என்பதே அந்த ஐயம். பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவு என்னவாயிற்று என்று பாருங்கள் எனத் திருமறை ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் நமக்குச் சொல்கிறது என்று அவருக்கு மறுமொழி சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார். முழு விடையும் அதுவன்று என்பது எனக்கும் தெரிந்திருந்தது. விட்டுப்போன மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

பாங்காக்கிற்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அயுத்தியா. ரயில் நிலையம் பா சாக் ஆற்றின் கீழ்க்கரையில் உள்ளது. இறங்கிச் சற்று நடந்து, படகில் ஆற்றைக் கடந்தால் பழைய நகரில் கால் வைக்கலாம். சாவ் பிரயா, லோப்புரி, பா சாக் ஆகிய மூன்று ஆறுகளும் கூடி வளைத்துக்கொண்ட ஒரு தீவு அது. இராமாதிபதி என்னும் மன்னன் 1351இல் அங்கே தலைநகர் அமைத்தான். இராமகாதையின் அயோத்தியையே பெயராகச் சூட்டினான். அன்று முதல் 416 ஆண்டுகள், 33 மன்னர்கள் அங்கிருந்து சயாம் நாட்டை ஆண்டனர். பதினான்கு மாத முற்றுகைக்குப் பின் 1767 ஏப்ரல் 7 அன்று பர்மியப் படை மதிலை உடைத்து உள்ளே புகுந்தது. அரண்மனையும் விகாரங்களும் வீடுகளும் எரிந்தன. அவற்றோடு எரிந்தவற்றில் நாம் வருந்த வேண்டியது அரசாங்கச் சுவடிகளுக்காக. ஒரு நாட்டின் நானூறு ஆண்டு நினைவு ஒரு வெயிற்காலத்தில் சாம்பலாயிற்று. அதனால் அயுத்தியாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் இன்று டச்சுக்காரரின் கணக்கேடுகளையும், பிரெஞ்சுத் தூதுவரின் குறிப்புகளையும், பாரசீக எழுத்தரின் பயண நூலையும் நாடவேண்டியிருக்கிறது. வந்து போனவர்கள் எழுதி வைத்ததே வீட்டுக்காரனின் சரித்திரமாக நிற்கிறது.

நகரைச் சுற்றி வருவோர் முதலில் காண்பது வாட் பிரா சீ சன்பெத். அரண்மனைக்குள்ளேயே இருந்த விகாரம் இது. பிக்குகள் இங்கே தங்கியதில்லை. மன்னர்களின் அஸ்தியைத் தாங்கிய மூன்று தூபிகள் வரிசையாய் நிற்கின்றன. 1500ஆம் ஆண்டில் 16 மீட்டர் உயரத்தில் நின்ற நிலையில் ஒரு புத்தர் சிலை வார்த்து, பொற்றகடு போர்த்தியிருந்தனர். 1767இல் படையினர் பொன்னை உரித்தெடுத்துச் சென்றனர். எஞ்சிய உட்கூட்டைப் பின்னாளில் பாங்காக்கிற்குக் கொண்டுபோய், வாட் போ விகாரத்தின் தூபி ஒன்றினுள் வைத்து மூடினார்கள். சிலையைப் புதைத்து அதன்மேல் தூபி எழுப்பியது, மையித்தை அடக்கம் செய்வது போலவே எனக்குத் தோன்றியது.

வாட் மகாதாத்தில் மரவேர்கள் பின்னிப் பிடித்த புத்தர் தலையைப் பார்க்கக் கூட்டம் நெரிகிறது. படம் எடுத்துக்கொள்வோர் அத்தலையை விட உயரமாக நிற்கலாகாது, தரையில் அமர்ந்துகொள்ள வேண்டும் என்பது அங்குள்ள ஒழுங்கு. பிறர் புனிதமாய்க் கருதுவதன் முன் நாம் காட்ட வேண்டிய கண்ணியம் வணக்கம் ஆகாது. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க அதைவிட நல்ல இடம் கிடைப்பதரிது. சுற்றிலும் வரிசை வரிசையாய்த் தலையற்ற சிலைகள். எல்லாவற்றையும் பர்மியர் வெட்டினர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மை அன்று. புதையல் தேடியோரும், பழஞ்சிலைத் தலைகளுக்கு நல்ல விலை தரும் வியாபாரிகளும் பிற்காலத்தில் செய்த சேதம் பெரிது. புதிய தலைநகரான பாங்காக்கிற்கு மதில் கட்ட இந்த இடிபாடுகளிலிருந்துதான் படகு படகாகச் செங்கல் ஏற்றிச் சென்றார்கள். பகைவன் எரித்தது ஒரு முறை. சொந்தக்காரர் எடுத்ததோ பல முறை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அருகிலுள்ள மோங்கோன் போபித் விகாரத்தில் ஒரு பெரிய வெண்கலப் புத்தர் சிலை கூரையின்றி நெடுங்காலம் கிடந்தது. 1950களின் நடுவில் அதற்கு மண்டபம் எழுப்பிய காலத்தில் நன்கொடை தந்தவர்களுள் பர்மியப் பிரதமர் ஊ நுவும் ஒருவர். இருநூறு ஆண்டு கழித்துக் கட்டிய பரிகாரம் என்று இதைக் கொள்ளலாம்.

நான் அதிக நேரம் நின்றது வாட் ராஜபூரணத்தில். 1424இல் மன்னன் இறந்தபோது அரியணைக்காக அவன் மூத்த மக்கள் இருவரும் யானை மீதேறிப் பொருதனர். இருவரும் மடிந்தனர். போட்டிக்கே வராத மூன்றாவது மகன், சாவ் சாம் பிரயா, மன்னனானான். அண்ணன்மாரை எரியூட்டிய இடத்தில் அவன் எழுப்பியது இந்த விகாரம். கோபுரத்தின் அடியில் நிலவறை அமைத்துப் பொன்னும் மணியும் வைத்து மூடிவிட்டான். 1767இன் தீயும் அந்த அறையைத் தொடவில்லை. 533 ஆண்டுகள் அது மூடியே கிடந்தது.

1957ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒரு மழை இரவில் திருடர்கள் அதைத் துளைத்து இறங்கினர். அள்ளியதில் ஒரு பகுதியே திரும்பக் கிடைத்தது. பெரும்பகுதி எங்கே உருகியதோ, எந்தச் சீமானின் கண்ணாடிப் பேழையில் இருக்கிறதோ! திருட்டு வெளிப்பட்டதும் நுண்கலைத் துறையினர் நிலவறையை முறைப்படி அகழ்ந்தனர். மணி பதித்த உறையோடு கூடிய அரச வாள், மண்டியிட்ட பொன் யானை, பொன்னாலான தலையணி எனக் குவிந்தன. அவற்றை வைக்கவென்றே 1961இல் சாவ் சாம் பிரயா அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பணம் வந்த வழி சுவையானது. நிலவறையில் சிறு புத்தப் பிரதிமைகள் ஏராளமாகக் கிடைத்திருந்தன. நன்கொடை கொடுத்தவர்களுக்கு அவற்றை அளித்தே கட்டட நிதி திரட்டினார்கள். நம்மூர்த் தொல்பொருள் துறை கேட்டால் திடுக்கிடும்!

அந்தப் பொன் அறையில் மக்கள் யானையையும் வாளையும் விட்டு நகர்வதில்லை. அவற்றோடு அதே நிலவறையிலிருந்து வெளிவந்த சிறு பொற்காசுகளைக் கவனிப்போர் குறைவு. அவற்றில் இருப்பது தாய் எழுத்து அன்று, கெமர் எழுத்தும் அன்று. அரபு எழுத்து!

காஷ்மீரத்துச் சுல்தான் ஸைனுல் ஆபிதீன் காலத்தவை அவை எனக் கருதுவோர் உளர். அக்கருத்தைக் கொள்வதாயின், அந்தச் சுல்தான் அரியணையில் நிலைபெற்றது 1420இல், விகாரம் எழுந்தது 1424இல். இமயத்தின் மடியில் அடித்த காசு நான்கைந்து ஆண்டுகளில் மலை இறங்கி, கடல் கடந்து, சயாம் மன்னனின் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எந்த நாட்டுக் காசாயினும், அதைக் கொண்டுவந்த கலமும், கலத்தில் ஏறிவந்த வணிகனும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? இறந்துபோன இளவரசர் இருவரின் நினைவுக்காக, தன் நாட்டின் அருமையான பொருள்களோடு அந்தக் காசையும் சேர்த்து வைத்தானே ஒரு பௌத்த மன்னன், அவன் கண்ணில் அதற்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்! அந்தக் கண்ணாடிப் பேழையின் முன்தான் மாமாவின் கேள்விக்கு எனக்கு விடை கிடைக்கத் தொடங்கியது.

பாரசீகர் அயுத்தியாவை 'ஷஹ்ரே நவ்' என்றழைத்தனர். புதிய நகரம் என்பது பொருள். படகுகளின் நகரம் என்று கொள்வாரும் உண்டு. 1442இல் ஹுர்முஸ் துறைமுகத்தில் வந்திறங்கும் வணிகர்களைப் பட்டியலிட்ட அப்துர் ரஸ்ஸாக் ஸமர்கந்தி, அவர்களிடையே ஷஹ்ரே நவ் வாசிகளையும் குறிப்பிடுகிறார். நிலவறை மூடப்பட்டு இருபது ஆண்டும் ஆகாத காலம் அது.

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும் நகரத்து ஷைகு அஹ்மத் என்னும் வணிகர் அயுத்தியாவில் குடியேறினார். மன்னர் சோங்தாம் காலத்தில் அரசு உயர்பதவி எய்தினார். துறைமுகங்களை அந்நாளில் இரு கூறாக ஆண்டனர். சீனர், ஜப்பானியர், டச்சுக்காரரின் கலங்கள் 'இடத் துறை'யின் பொறுப்பு. இந்தியர், அரபியர், மலாய் மக்களின் கலங்கள் 'வலத் துறை'யின் பொறுப்பு. வலத் துறையின் தலைவர் ஒரு முஸ்லிம். அவருக்குச் 'சுலாராஜமந்திரி' என்று பட்டம். நாட்டு முஸ்லிம்களின் தலைமையும் அவரிடமே இருந்தது. அப்பட்டம் பெற்ற முதல்வர் ஷைகு அஹ்மத் எனக் கொள்கின்றனர். அப்பதவி இன்றும் தாய்லாந்தில் உண்டு. 1945இல் முதன்முறையாக ஸுன்னி முஸ்லிம் ஒருவர் அதை ஏற்கும்வரை, ஷைகு அஹ்மதின் வழியைச் சேர்ந்த ஷீஆப் பிரிவினரே அதை வகித்து வந்தனர். அவருடைய அடக்கஸ்தலம் அயுத்தியாவில், இன்றைய ராஜபட் பல்கலைக்கழக வளாகத்தினுள் இருக்கிறது. மாணவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வகுப்புக்குப் போகும் வழியில் அமைதியாய் அமைந்த அந்தக் கபுரடியில் நின்று ஃபாத்திஹா ஓதிவிட்டு வந்தோம்.

அவர் வழிவந்தோரின் கதை ஒரு பெருங்கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மன்னர் போரோமகோட் சரபுரியிலுள்ள புத்தரின் திருவடித் தடத்துக்கு யாத்திரை புறப்பட்டார். உடன் செல்ல விழைந்த அமைச்சர் ஷைகு அஹ்மதின் வழியினர். முஸ்லிம் ஆகையால் அவர் வர இயலாது என்றாயிற்று. அவ்விடத்திலேயே அவர் பௌத்தம் தழுவினார் என்று குடும்ப மரபு கூறுகிறது. அவர் கிளையிலிருந்து தோன்றியதே புன்னாக் குடும்பம். 1868 முதல் 1873 வரை இளம் மன்னர் சுலாலங்கோர்னுக்காக நாட்டை நடத்திய சீ சூரியவோங் இக்குடும்பத்தவர். இன்னொரு கிளை இஸ்லாத்திலேயே நின்று, சுலாராஜமந்திரிப் பட்டத்தைத் தொடர்ந்து தாங்கியது. ஒரே பாட்டனின் பேரர்கள் ஒருபுறம் விகாரத்துக்கும் மறுபுறம் பள்ளிக்கும் போயினர். இதைப் படித்தபோது என் நெஞ்சு நெருடியது உண்மை. மன்னனோடு செல்லும் ஒரு பயணத்துக்காகவா? ஆனால், அன்றைய அரசவையின் நெருக்குதலை அறியாத நான் இன்று உட்கார்ந்து தீர்ப்பெழுதுவதும் பொருந்தாது.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். தென்னாட்டுக்கும் சயாமுக்கும் உள்ள உறவைப் பேசுவோர் அரண்மனைப் பிராமணர் ஓதும் திருவெம்பாவையைச் சொல்வார்கள். சரிதான். கப்பலேறிப் போன சூலியா முஸ்லிம்களைச் சொல்வோர்தான் குறைவு. 1685இல் பாரசீகப் பேரரசர் ஷா சுலைமான் மன்னர் நாராயிடம் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். அதன் எழுத்தர் முஹம்மது ரபீஉ எழுதிய நூலே 'சுலைமானின் கப்பல்'. பந்தர் அப்பாஸில் கலமேறிய அவர்கள் நேரே சயாம் போகவில்லை. நம் சென்னப்பட்டணத்தில் இறங்கித் தங்கிய பிறகே மெர்குயி துறைக்குச் சென்றனர். சயாமுக்குப் போகும் வழி சோழமண்டலக் கரை என்பது அந்நாளில் எல்லோரும் அறிந்த ஒன்று.

காரணமும் உண்டு. 1511இல் போர்ச்சுகீசியரிடமும், 1641இல் டச்சுக்காரரிடமும் போன மலாக்காவைச் சுற்றிச் செல்ல நம்மவர் விரும்பவில்லை. வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, அன்று சயாமுக்கு உட்பட்டிருந்த மெர்குயியில் இறங்கி, தெனாசரிம் ஆற்றின் வழியே மேலேறி, தரைவழியாய் மலையைக் கடந்து சயாம் வளைகுடாப் பக்கம் போய்ச் சேர்ந்தனர். கொண்டுபோன சரக்கு துணி. சயாம் அரசவையிலிருந்து வரும் மாதிரிகளைப் பார்த்து, நம் கரையின் சாயப்பட்டறைகளில் சாயவேரின் சிவப்பேற்றி, கலம்காரி முறையில் எழுதிய துணி அது. அரசன் அதைத் தன் அதிகாரிகளுக்குத் தகுதி பார்த்து வழங்குவான். திரும்புகையில் வெள்ளீயமும், சாயமரக் கட்டையும், யானைகளும் வந்தன. ஆம், யானைகள்! பாய்மரக் கலத்தில் யானையை ஏற்றி, வங்கக் கடலின் அலையில் அதற்குத் தண்ணீரும் தீனியும் கொடுத்துக் கொண்டுவந்தவர்கள் எத்தகைய நெஞ்சுரம் உடையவர்கள்!

அவர்கள் பெயர் என்ன? இங்குதான் வேதனை. பாரசீக எழுத்தர் தம் பயணத்தை எழுதினார். டச்சுக்காரர் ஒரு மூட்டை விடாமல் கணக்கெழுதினர். நம்மவரோ அந்தக் கணக்கேடுகளில் 'சூலியா வணிகர் ஒருவர்', 'மூர் ஒருவரின் கப்பல்' என்று வந்து போகிறார்கள். எழுதி வைத்திருந்தாலும் பேரன்மார் காக்கவில்லை. வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்கும் பழைய மரப்பெட்டிகளில் என்ன இருந்தது என்று பார்த்துவிட்டா எரித்தோம்? அயுத்தியாவின் ஏடுகளை எரிக்கப் பர்மியப் படை வரவேண்டியிருந்தது. நம் ஏடுகளுக்கு அந்தத் தேவையும் இல்லை.

தீவுக்கு வெளியே, ஆற்றின் தென்பகுதியில், அயல்நாட்டார் குடியிருப்புகள் இருந்தன. ஜப்பானியர் கிராமம் இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுக் காட்சிக்கூடம். டச்சுக்காரரின் பண்டகசாலை அருகே ஒரு காட்சிக்கூடம். போர்ச்சுகீசியர் தேவாலயம் இருந்த இடத்தை 1984 முதல் அகழ்ந்து, அங்கே கிடைத்த எலும்புக்கூடுகளைக் கிடந்தபடியே பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். முஸ்லிம் குடியிருப்புக்கு மட்டும் ஏன் ஒரு காட்சிக்கூடம் இல்லை என்று முதலில் எனக்குக் குறையாகத்தான் இருந்தது. மாலையில் அந்தப் பக்கம் போனபோது புரிந்தது. போய்விட்டவர்களுக்குத்தானே காட்சிக்கூடம்! இவர்கள் போகவில்லை. 1767இல் தப்பியோர் பலர் தெப்பங்களில் ஆற்றோடு இறங்கி, தோன்புரியில் பாங்காக் யாய் கால்வாய்க் கரையில் தங்கினர். அங்குள்ள தோன் சோன் பள்ளிவாசல் அவர்களுடைய நிழல்தான். மற்றோரின் வாழ்வு அயுத்தியாவின் கால்வாய்க் கரைகளிலேயே தொடர்ந்தது.

அவர்கள் இருப்பதற்கு நாவே சாட்சி. அயுத்தியா போகும் தாய் மக்கள் தவறாமல் வாங்கிவரும் இனிப்பு, 'ரோட்டி சாய் மாய்'. மெல்லிய ரொட்டியில் பட்டுநூல் போல இழுத்த சர்க்கரைப் பாகை வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். விற்பவர்களில் பலர் தலையில் முக்காடிட்ட நம் சகோதரிகள். 'ரோட்டி' என்ற சொல் எந்தக் கடலைத் தாண்டிப் போயிற்று என்று சொல்லவும் வேண்டுமோ! என் பேத்திக்கு வாட் மகாதாத் மறந்துவிடும், இது மறக்காது.

ஆற்றின் தென்கரையில், கால்வாய் ஓரத்தில், ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. அதையொட்டி ஒரு பெரியவரின் அடக்கஸ்தலம். அவர் இந்தியாவிலிருந்து வந்தவர் என்று ஊரார் வழிவழியாய்ச் சொல்கின்றனர். நாங்கள் போனபோது அஸர் தொழுகை முடிந்து நாலைந்து முதியவர்கள் திண்ணையில் அமர்ந்திருந்தனர். தாய் மொழி எனக்குத் தெரியாது, தமிழ் அவர்களுக்குத் தெரியாது. ஸலாம் ஒன்றே பொது. உடன் வந்த கல்லூரி மாணவர், இவர்கள் தென்னிந்தியக் கடற்கரை ஊரார் என்று எங்களை அறிமுகம் செய்தார். முதியவர்களில் ஒருவர் பள்ளியைக் காட்டி அதன் பெயரைச் சொன்னார்: "தக்கியா."

ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. பிறகு, "தைக்கா?" என்றேன்.

"தக்கியா," என்றார் அவர் மறுபடியும், எனக்குச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொடுப்பவர் போல. நம் ஊர்களில் தெருவுக்கு ஒன்றாய் இருக்கும் தைக்காவும், அவருடைய தக்கியாவும் ஒரே சொல்தான் என்பதை மாணவர் விளக்கியதும், அவர் எழுந்து என் கையைப் பற்றிக்கொண்டார். உங்கள் ஊர்த் தைக்காவில் யார் அடங்கியிருக்கிறார் என்று கேட்டார். நான் சொல்லத் தொடங்கினேன். மாணவர் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.